மெலிவும் வலிவும்: குரல் ஒன்றுதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சுருதி தாய், லயம் தந்தை என்பது இசைவாணர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. இசை பயிலப் புகும் சிறுவனுக்கு முதல்நாளிலேயே இது கற்பிக்கப்படுகிறது. ஆனால் தாய் எனப்பட்ட அச்சுருதி யாருடைய குரலுக்கு அமைந்தது என்னும் வினாவை அவனும் கேட்பதில்லை, கற்பிப்பவரும் எழுப்புவதில்லை. ஆசிரியர் தமது சாரீரத்துக்கு இசைந்த சுருதியை வைக்கிறார். மாணவன் அதனோடு சேரவேண்டும். சேர்ந்தால் அவனுக்கு இசைஞானம் உண்டு, சேராவிடின் இல்லை. அவ்வளவில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. இத்தீர்ப்பு எத்துணை நேர்மையானது என்று ஆராய்தல், சங்கீத ஆசிரியர்க்கு மட்டுமன்றி, காலைப் பிரார்த்தனையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒருங்கே பாடவைக்கும் எந்தக் கல்லூரிக்கும் உரியதொரு கடமையாகும்.

ஒரு குரல் மற்றொரு குரலோடு ஒன்றுதல் என்றால் யாது? விநாடிக்கு 131 அதிர்வுடைய ஒலியை ஆடவன் ஒருவன் பாட, சிறுவன் ஒருவன் 262 அதிர்வுடைய ஒலியைப் பாடுவானாயின், இருவரும் ஒரே சுரத்தில் நிற்கின்றனர் என்றே செவி கொள்கிறது. இரண்டும் ஒரே ஒலியல்ல; ஒன்று மற்றதன் இரட்டி. ஆயினும் இரண்டுக்கும் சட்சம் என்னும் ஒரு பெயரையே இசைநூலார் இட்டனர். வேறுபட்ட இரண்டை ஒன்றெனக் கொள்ளும் இவ்வுணர்வின் மீதே கூட்டுப்பாட்டு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. இவ்வுணர்வு பிறப்போடு வருவது, எவருக்கும் தானாகவே அமைவது என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் ஐயத்துக்கு இடமானது. தென்னமெரிக்காவின் பொலிவியா நாட்டில் வாழும் சிமானே என்னும் மக்களிடை நிகழ்த்தப்பெற்ற ஆய்வொன்று 2019 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்தம் குரலெல்லைக்கு அப்பாற்பட்ட ஒலிகளை இசைத்துக் காட்டி, அவற்றைத் திரும்பப் பாடுமாறு கேட்டபோது, ஒலிக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள ஏற்ற இறக்கத்தை அவர்கள் ஓரளவு பேணிப் பாடினர். ஆனால் கேட்ட சுரத்தின் இரட்டியையோ பாதியையோ தம் குரலுக்குள் தேடி அதனோடு பொருந்த அவர்கள் முயன்றிலர். மேனாட்டு இசையில் ஊறியோர் அவ்வாறு பொருந்தப் பாடினர். ஆகவே, தாழ்ந்த குரலில் கேட்டதை உயர்ந்த குரலில் அதே இடத்தில் நிறுத்துதல், ஒருபகுதியேனும் பழக்கத்தால் வருவது என்று கொள்ளவேண்டியிருக்கிறது. பழக்கத்தால் வருவது ஒன்றைப் பழக்காமலே ஒருவனிடம் எதிர்பார்த்து, இல்லையென்று கண்டவுடன் அவனைத் தள்ளுதல் எப்படிப் பொருந்தும்?

பண்டைத் தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சான்று. மெலிவு, சமன், வலிவு என்று குரலுக்கு மூன்று நிலை வகுத்தனர்; மந்தரம், மத்தியம், தாரம் என்று வடமொழியாளர் கூறுவனவும் இவையே. அக்காதையில் வரும் பதினான்கு நரம்புக் கோவை மெலிவில் நான்கும், சமனில் ஏழும், வலிவில் மூன்றுமாக உழையில் தொடங்கிக் கைக்கிளையில் முடிகிறது. குரல் என்னும் நரம்பைச் சட்சமாகக் கொள்வோர் ஒரு சாரார். மத்திமமாகக் கொள்வோர் மற்றொரு சாரார். அப்பூசல் ஈண்டு வேண்டா. எவ்வாறு கொள்ளினும், இரண்டு ஸ்தாயிக்குச் சற்றே குறைந்த எல்லையைப் பண்டையோர் போதுமெனக் கொண்டனர் என்பது தெளிவு. மேலே மூன்றும் கீழே நான்குமாக அவர் வைத்த கணக்கைக் கூர்ந்து நோக்கின், உச்சத்தை நோக்கிய ஓட்டத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை என்பதும் புலனாகும். நடுவிலுள்ள ஏழுமே வீடு. மற்றவை திண்ணையும் முற்றமும் போல்வன. யாழின் இலக்கணத்தை மீட்டெடுத்து 1947 ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றிய விபுலாநந்த அடிகள் நரம்புகளின் உறவுமுறையைக் கணக்கிட்டு விரித்துக் காட்டியபின், இவை வெறும் பெயர்களல்ல, அளவைகள் என்பது ஐயமின்றி விளங்கியது.

அவ்வுறவுகளுள் கிளை என்பது நின்ற நரம்பிலிருந்து ஐந்தாவது. இக்கால வழக்கில் சட்சத்துக்குப் பஞ்சமம். இன்றைய ஆண் பெண் குரல்களின் சிக்கல் முழுவதும் இந்தக் கிளையுறவில் அடங்கியிருக்கிறது. சிறுவனுக்கும் ஆடவனுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி. ஆதலால் ஒருவன் பாட மற்றவன் இரட்டியில் பாடுதல் கூடும். ஆடவனுக்கும் பெண்ணுக்கும் உள்ள தூரமோ ஸ்தாயியன்று. ஆடவர் பலர் ஒரு கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுகின்றனர். பெண்கள் பலர் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுகின்றனர். ஒரு கட்டையின் ஆண்குரற் சட்சம் 131 அதிர்வு. ஐந்து கட்டையின் பெண்குரற் சட்சம் 196 அதிர்வு. இரண்டுக்கும் விகிதம் இரண்டுக்கு மூன்று. ஆடவனின் பஞ்சமமே பெண்ணின் சட்சம்.

மந்தரப் பஞ்சமம் முதல் தாரப் பஞ்சமம் வரை பாடுதல் பயின்ற பாடகருக்கு அமையவேண்டிய அளவு என்பர். ஒரு கட்டைப் பாடகருக்கு அது 98 முதல் 392 வரை. ஐந்து கட்டைப் பாடகிக்கு 147 முதல் 587 வரை. இருவருக்கும் பொதுவான நிலம் 147க்கும் 392க்கும் இடைப்பட்டது. அதாவது ஒரு ஸ்தாயியும் அதன்மேல் நான்காம் சுரம் வரையும். இந்நிலத்தை ஆடவனின் சுருதியில் வைத்துப் பார்த்தால், பெண் தன் சட்சத்தையே இழக்கிறாள். ரிஷபத்துக்குக் கீழே அவளுக்குக் குரல் இல்லை. பெண்ணின் சுருதியில் வைத்துப் பார்த்தாலோ, ஆடவனுக்கு மந்தரப் பஞ்சமம் முதல் தாரச் சட்சம் வரை முழுமையாகக் கிடைக்கிறது. அதற்கு மேலுள்ள சிலவே எட்டாதன. ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே ஒலியில் நின்று சேர்ந்து பாடவேண்டுமாயின், பெண்ணின் சுருதியே தகுதியானது. வழக்கமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஆசிரியர் ஆடவராயின் அவரது கட்டையே சபையின் கட்டையாகிறது.

இக்கணக்கை மனத்திற்கொண்டு நோக்குவார்க்கு எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகிய இருவரின் இசை புதிய விளக்கம் பெறும். செங்கோட்டையில் 1906 ஆம் ஆண்டிற் பிறந்த கிட்டப்பாவும், கொடுமுடியில் 1908 ஆம் ஆண்டிற் பிறந்த சுந்தராம்பாளும் 1926 ஆம் ஆண்டளவில் கொழும்பு நாடக மேடையிலேயே ஒருங்கு சேர்ந்தனர் என்பது ஈழத்தவர்க்கு உரியதொரு பெருமை. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையிலுள்ளவனுக்கும் சொல் விளங்கவேண்டும். ஆதலால் நாடகச் சுருதி உயர்ந்தே நின்றது. கிட்டப்பா ஐந்து கட்டையிற் பாடினார் என்றே நாடக உலகம் நினைவுகூருகிறது. ஒரு கட்டைப் பாடகர் தமது முழு முயற்சியோடு சென்று தொடும் தாரப் பஞ்சமமே ஐந்து கட்டைப் பாடகரின் தாரச் சட்சம். பிறர் முடிக்கும் இடத்தில் அவர் இளைப்பாறினார் என்று சொல்லலாம். அங்கிருந்து மேலே செல்ல அவருக்கு இன்னும் இரண்டு மூன்று சுரமே வேண்டியிருந்தது. அதைக் குரல் தந்தது. பெண் இறங்கிவந்து ஆணுடன் சேரவில்லை. ஆண் ஏறிச்சென்று பெண்ணுடன் சேர்ந்தான். அதனால் சுந்தராம்பாளின் குரல் தன் இயல்பான வீட்டைவிட்டு ஒருபோதும் வெளியேற நேரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய இசைத்தட்டுக்களைக் கேட்டுக் கட்டையைக் கணக்கிடுவோர், தட்டு எவ்வளவு விரைவிற் பதிவாயிற்று, எவ்வளவு விரைவிற் சுழல்கிறது என்பதைக் கருதுவதில்லை. நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடவேண்டியது 82 சுற்றில் ஓடினால், ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடும். அக்காலப் பதிவுகளில் விரைவு எப்போதும் ஒன்றாக இருந்ததுமில்லை. ஆதலால், இத்தனை கட்டை என்று அடித்துக் கூறுவோர் கூற்றைத் தட்டு ஒன்றை மட்டும் சான்றாக வைத்து ஏற்றல் ஆகாது. தட்டால் மாறாதவை சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள அளவுகள். தியாகராசரின் 'எவரனி' கீர்த்தனையைக் கிட்டப்பா பாடிய தட்டைக் கேட்போர் கவனிக்க வேண்டியது அதுவே. விரைந்து உருளும் பிருகாக்களிலும் ஒவ்வொரு சுரமும் தனக்குரிய இடத்தில் விழுகிறது. மேலே செல்லும்போது நெருக்கடி இல்லை. கீழே வரும்போது குரல் மங்குவதுமில்லை. அவரைப் புகழ்வோர் உயரத்தைப் புகழ்ந்தனர். அவரைப் பின்பற்றியோரும் உயரத்தையே எடுத்துக்கொண்டு சுத்தத்தை விட்டுவிட்டனர். தமக்கு இயலாத கட்டையில் கத்திக் குரலைப் பாழாக்கிக்கொண்ட நாடகப் பாடகர் இரு கரையிலும் உண்டு. 27 வயதிலேயே, 1933 ஆம் ஆண்டில், கிட்டப்பா மறைந்தார். அந்தக் குரல் முதுமையில் எந்தக் கட்டைக்கு இறங்கியிருக்கும், இறங்கியபோதும் ரசிகர் அதனை ஏற்றிருப்பரா என்பன விடையில்லா வினாக்களாயின.

சுந்தராம்பாள் 1935 ஆம் ஆண்டில் திரைப்படத்தில் நந்தனாராக நடித்தார். ஆடவரான அடியாரின் பாத்திரத்தைப் பெண்குரல் ஏற்றது. 1942 ஆம் ஆண்டில் அதே பாத்திரத்தை எம். எம். தண்டபாணி தேசிகர், தேவார மரபிற் பயின்ற கனத்த ஆண்குரலில், ஏற்றார். இரண்டையும் தமிழர் கொண்டாடினர். நந்தனாரின் ஏக்கம் இத்தனையாவது கட்டையில் இருக்கவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. மீண்டும் 1953 ஆம் ஆண்டில் ஒளவையாராக வந்தபோது, தளர்ந்த மூதாட்டிக்கு அவ்வளவு உயர்ந்த குரல் பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வியே. அதற்கு விடை குரலின் உயரத்தில் இல்லை. சுந்தராம்பாள் உச்சத்திலும் குரலை மெல்லிதாக்கிக் கள்ளத் தொனியிற் புகுவதில்லை. சமனில் உள்ள அதே கனம் வலிவிலும் நிற்கிறது. சொற்கள் சிதைவதில்லை. மெலிவும் வலிவும் ஒரே ஆளின் குரலாகவே கேட்கின்றன. ஒரு குரல் பிற குரலோடு ஒன்றுவதற்கு முன்னே தன்னோடு தான் ஒன்றவேண்டும் என்பதை அவரிடம் காணலாம். கீழே ஒரு மனிதரும் மேலே வேறொரு மனிதருமாகப் பாடும் வித்துவான்கள் இன்று குறைவல்லர். ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு பாடும் பழக்கம் இக்குறையை மறைத்துவிடுகிறது.

நாடகத்தை விட்டுத் திருமுறைக்கு வரின், இப்பொருள் இன்னும் ஆழமாகிறது. சம்பந்தர் குழந்தை. அவரோடு சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் வளர்ந்த ஆடவர். அவர் மனைவி மதங்கசூளாமணியார் பெண். குழந்தையும் ஆணும் பெண்ணும் ஆகிய மூவகைக் குரலும் ஒரு பதிகத்தைச் சூழ்ந்து நின்ற காட்சியைச் சேக்கிழார் நம் கண்முன் நிறுத்துகிறார். தருமபுரத்தில் பாடப்பெற்ற பதிகம் யாழில் அடங்காமற் போகவே பாணர் யாழை முறிக்கப் புகுந்த வரலாறு யாவரும் அறிந்தது. அதனை அற்புதம் என்று போற்றுவதோடு பெரும்பாலோர் நின்றுவிடுவர். கருவியின் எல்லை வேறு, குரலின் எல்லை வேறு என்ற உண்மை அதனுள் இருப்பதைக் கருதுவார் சிலரே. சேராமை நேர்ந்தபோது குற்றம் குழந்தையின் குரல்மீது சுமத்தப்படவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. பிற்காலத்தில் திருமுறைகளுக்குப் பண் வகுக்க வேண்டியபோது, அப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரே அதனைச் செய்தார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். குழந்தை பாடியதும், முதியவரான அப்பர் பாடியதும், சுந்தரர் பாடியதும் ஒரு பெண்ணின் குரல்வழியாகவே மீண்டும் உலகுக்குக் கிடைத்தன என்பது அப்புராணம் கூறும் செய்தி. பண் ஒரு கட்டைக்கு உரியதாக இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது.

இனி, கல்லூரி மண்டபத்தை நோக்கலாம். சிவபுராணத்தைக் கூட்டாக ஓதும்போது குழப்பம் குறைவு. ஓதும் மெட்டு நான்கைந்து சுரத்துள் அடங்கிவிடுவதால் எல்லாக் குரலுக்கும் அதனுள் இடமுண்டு. பதிகத்தைப் பண்ணோடு பாடத் தொடங்கும்போதே இடர்ப்பாடு எழுகிறது. கீழ்வகுப்புப் பிள்ளைகளின் குரல் ஏறக்குறைய 220 முதல் 520 வரையான எல்லையில் நன்கு நிற்கும். ஆடவராகிய ஆசிரியர் ஒரு கட்டையில் மத்திய ஸ்தாயியைப் பாடுகையில், 131 முதல் 262 வரை செல்கிறார். அவர் பாடுவதிற் பெரும்பகுதி பிள்ளையின் குரலுக்குள் இல்லவே இல்லை. கேட்டதை இரட்டியாக்கி, தன் குரலில் அதற்கு ஒத்த இடத்தைக் கண்டு பாடவேண்டிய பொறுப்பு எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. சில பிள்ளைகள் நொடியில் அதனைச் செய்துவிடுகின்றனர். சிலர் ஆசிரியரின் தடித்த குரலையே பின்பற்ற முயன்று, தொண்டையை அழுத்தி, உறுமல் போன்ற ஓரொலியில் நின்றுவிடுகின்றனர். அவ்வுறுமலைக் கேட்டவுடன், இவனுக்குச் சுருதிஞானம் இல்லை என்று கூறப்படுகிறது. வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் வளர்ந்து, கோயிலில் கூட்டத்தோடு நின்றும் வாய்திறவாதவர் ஆகின்றனர். சேராமை காதில் உள்ள குறை என்று கருதப்பட்டதே பிழை. அது பெரும்பாலும் இடம்பெயர்ப்பில் உள்ள தடை. பெண்குரலையோ மற்றொரு பிள்ளையின் குரலையோ கேட்டுப் பாடும்போது, அதே பிள்ளை எளிதிற் சேர்வதை ஆசிரியர் பலர் கண்டிருக்கின்றனர்.

இன்னொரு விந்தை. ஆசிரியர் பதிகத்தின் மேற்பகுதிக்கு ஏறித் தாரச் சட்சத்தைக் கடக்கும்போது, அவர் குரல் 262 முதல் 392 வரையான இடத்துக்கு வந்துவிடுகிறது. அது பிள்ளையின் குரலுக்கு நடுநிலம். அதுவரை இரட்டியில் பாடிவந்த பிள்ளை, அதற்குமேல் ஏற இயலாமல், ஒரு ஸ்தாயி இறங்கி ஆசிரியரோடு நேரே சேர்ந்துகொள்கிறான். இதனைக் குரல் விழுந்தது என்று கண்டிப்பர். விழவில்லை, ஒரே சுரத்தின் இரு இடங்களையும் அறிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினான். அது தேர்ச்சி.

மேல்வகுப்பில் நிலைமை வேறு. பன்னிரண்டு பதின்மூன்று வயதளவில் ஆண்பிள்ளைக்கு மகரக்கட்டு வருகிறது. மிடறு வளர, குரல் சில மாதங்களில் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்கிறது. பெண்பிள்ளைக்கும் இம்மாற்றம் உண்டு. ஆயினும் அது இரண்டு மூன்று அரைச்சுரத்தளவே. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த சிறுவன் முதற்பாத்திரத்தை இழந்துவிடுவான். கல்லூரிகளிலும் சென்ற ஆண்டு பேச்சும் பாட்டும் பரிசுபெற்றவன் இவ்வாண்டு மேடையேற நாணுகிறான். இம்மாற்றத்தின்போது குரலின் எல்லை சுருங்கித் தளம்பும். பழைய கட்டை எட்டாது, புதிய கட்டை நிலைபெறாது. அக்காலத்தில் அவனுக்கு வேண்டியவை குறுகிய எல்லையுள்ள பாட்டும், பொறுமையுமே. போட்டி நடுவர்கள் வயதுப்பிரிவு வகுக்கின்றனர். ஆனால் சுருதியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சிறுவனுக்கு எல்லா இடத்தும் வழங்குவதில்லை. உயர்ந்த கட்டையிற் பாடியவனுக்குக் கூடுதற் புள்ளி விழுவதும் உண்டு. அது இசையை அளக்கும் முறையன்று. தொண்டையை அளக்கும் முறை.

ஆண்களும் பெண்களும் கலந்து பயிலும் இடங்களில் சுருதிப்பெட்டி ஒன்றே இரு சாரார்க்கும் போதுமானது. ஒரு கட்டையில் சட்சமும் பஞ்சமமும் ஒலிக்கும் பெட்டியில், அப்பஞ்சமத்தையே பெண்கள் தமது சட்சமாகக் கொள்ளலாம். அப்போது பெட்டியின் சட்சம் அவர்களுக்குச் சுத்த மத்திமமாகிவிடும். மத்திம சுருதியிற் பாடுதல் கச்சேரி மரபில் புதியதன்று. ஒரு பாட்டை ஆண்களும் அடுத்த பாட்டைப் பெண்களுமாக மாறிமாறிப் பாட இது நன்கு உதவும். பிரதி மத்திமம் வரும் பண்ணுக்கு மட்டும் ஒவ்வாது. அதற்குப் பெட்டியை மாற்றியே ஆகவேண்டும்.

கீழ்வகுப்பில் ஆடவர் கற்பிக்க நேரின், தொடங்கும் சுரத்தை மத்திய ஸ்தாயியிற் காட்டாமல் தாரச் சட்சத்திற் காட்டுதல் நலம். அது பிள்ளையின் குரலிலேயே உள்ள ஒலி. அவன் நேரே வந்து சேர்வான். சேர்ந்தபின், பிள்ளை அச்சுரத்தை விடாது பிடித்து நிற்கையில், ஆசிரியர் தாம் மட்டும் ஒரு ஸ்தாயி இறங்கவேண்டும். சில நாளுக்குப்பின் இறங்கும் நேரத்தை முன்னறிவிக்காமல் இறங்கிப் பார்க்கலாம். முதல் இரண்டொரு முறை பிள்ளையும் உடன் இறங்க முயன்று தடுமாறுவான். பின்னர் நின்றுவிடுவான். அவன் நிற்கும் அந்த நாளிலிருந்து பதிகத்தைத் தொடங்கலாம்.